தர்மத்துக்கு எழுதி வைத்த இடத்தில் எட்டு மாடியா? காரைக்குடி தெருக்காரர்களின் கேள்வி பதில்

காரைக்குடியின் பழைய ஊருக்குள், எங்கள் தெருவில், ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான 50 சென்ட் இடம் இருக்கிறது. முன்னால் சத்திரம், பக்கவாட்டில் ஒரு வரிசை லைன் வீடுகள், பின்னால் கிணறும் இரண்டு வேப்பமரமும். இங்கே கீழே வண்டி நிறுத்தம், மேலே எட்டுத் தளம் என்று அடுக்குமாடி கட்ட ஒரு கட்டுமானக்காரருடன் அறங்காவலர்கள் பேசி வருகிறார்கள். வரைபடம் ஒன்று தெருவில் கைமாறியது. அன்றிலிருந்து டீக்கடையிலும் திண்ணையிலும் இதே பேச்சு. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு எங்களுக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறோம். அறக்கட்டளையின் பெயரையும் கட்டுமானக்காரர் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. யார் மானத்தையும் வாங்குவது எங்கள் நோக்கமல்ல.

அது அவங்க இடம். அவங்க என்ன வேணாலும் கட்டிக்கலாமே, உங்களுக்கு என்ன?

இதுதான் அதிகம் பேர் கேட்டது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அறக்கட்டளை நிலம் அறங்காவலருடைய நிலம் அல்ல. தர்மகர்த்தா என்றாலும் காரியக்காரர் என்றாலும், அவர் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர். நிலம் யாருடையது என்றால், சாசனத்தில் எழுதிய காரியத்துக்கு உடையது. எங்கள் தெரு இடத்தின் சாசனத்தில் மூன்று காரியங்கள் எழுதியிருக்கின்றன: வழிப்போக்கருக்குத் தங்கல், குறிப்பிட்ட நாட்களில் அன்னதானம், ஏழைப் பிள்ளைகளின் படிப்பு. எழுதி வைத்தவர் கொண்டுவிற்க, அதாவது வெளியூருக்கு வியாபாரம் செய்ய, போன இடத்தில் சம்பாதித்ததை ஊர் திரும்பி வந்து இப்படி முடிச்சுப் போட்டு வைத்தார். அந்த முடிச்சை அவிழ்க்கும் உரிமை அவருடைய பேரனுக்கே கிடையாது, அறங்காவலருக்கு எங்கிருந்து வரும்?

தெருக்காரர்களான எங்களுக்கு இரண்டு விதத்தில் பங்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் கட்டட விதிகளைப் பற்றிக் கேட்கலாம். அந்தத் தர்மத்தால் பயன் பெறுகிறவர், பெறத் தகுதியுள்ளவர் என்ற முறையில் தர்மத்தின் சொத்தைப் பற்றிக் கேட்கலாம். லைன் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அந்த அறக்கட்டளை கட்டிய ஃபீஸில் படித்தவர்கள்தான்.

அப்போ நீங்க கட்டடமே வேண்டாங்கிறீங்களா?

இல்லை. சத்திரத்தின் கூரை ஒழுகுகிறது. லைன் வீட்டுச் சுவர்களில் அரிப்பு. வாடகை வருமானம் பராமரிப்புக்கே போதாது. அறங்காவலர்களில் இருவருக்கு எழுபது தாண்டிவிட்டது, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். அவர்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். அங்கே ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கட்டடம் எதுவாக இருந்தாலும் மண் தர்மத்தின் பேரில் நிற்க வேண்டும்.

“விற்கவே இல்லை, கூட்டு ஒப்பந்தம்தான், பாதி நமக்கே வரும்”னு அறங்காவலர் ஒருத்தர் சொன்னாரே?

மொத்தப் பிரச்சினையும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறோம்.

கூட்டு ஒப்பந்தம் என்றால், இடக்காரர் இடத்தைக் கொடுப்பார், கட்டுகிறவர் தன் செலவில் கட்டுவார், கட்டிய பரப்பை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுகிறவர் தன் பங்கு ஃபிளாட்டுகளை வெளியாருக்கு விற்றால்தான் போட்ட பணத்தை எடுக்க முடியும். ஃபிளாட் விற்கும்போது சுவரையும் தரையையும் மட்டும் எழுதிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு ஃபிளாட்டுடனும் நிலத்தில் ஒரு பிரிக்கப்படாத பாகத்தையும் கிரயம் செய்து கொடுக்கிறார்கள். யு.டி.எஸ். என்று பத்திர ஆபீஸில் சொல்வது அதைத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 50 சென்ட் என்றால் 21,780 சதுர அடி மண். ஆளுக்குப் பாதி என்று ஒப்பந்தம் போட்டால், கட்டுகிறவர் பங்கு விற்று முடிந்த அன்று 10,890 சதுர அடி மண் தர்மத்தைவிட்டுப் போயிருக்கும். நாற்பது ஃபிளாட் என்று வைத்துக்கொண்டால் இருபது குடும்பங்கள் அந்த மண்ணுக்குச் சட்டப்படி உரிமையாளர்கள். அவர்கள் மீது ஒரு தப்பும் கிடையாது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். பிறகு நூறு வருடம் ஆனாலும் அந்த இடம் திரும்பாது.

மீதிப் பாதி? அறக்கட்டளையின் பங்காக இருபது ஃபிளாட் வரும். கூரை ஒழுகிய காலத்தில் சத்திரத்தை விற்க மனம் வந்தவர்களுக்கு, அவசரம் என்று வந்தால் ஒரு ஃபிளாட்டை விற்பது இன்னும் சுலபம். முழு இடத்தையும் விற்றால் ஊர் கேட்கும். மூன்றாவது மாடி மூலை வீட்டை விற்றால் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம் 2022-ல் வந்து 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, கட்டடம் பழசாகி இடித்துக் கட்ட வேண்டும் என்றால் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். இன்று அந்த மண்ணுக்குத் தனி உரிமை உள்ள தர்மம், அன்று நாற்பதில் இருபது கையெழுத்தாக நிற்கும். கான்கிரீட் கட்டடத்தின் ஆயுள் ஐம்பது அறுபது வருடம். அதற்குப் பிறகு அங்கே என்ன கட்டலாம் என்று தர்மம் தனியாக முடிவெடுக்க முடியாது. எழுதி வைத்தவர் “சந்திராதித்தர் உள்ளவரை”, அதாவது சூரியனும் சந்திரனும் இருக்கும்வரை, என்று எழுதியிருக்கிறார்.

சட்டம் இதைத் தடுக்காதா?

எந்தச் சட்டம் என்பது அறக்கட்டளை எந்த வகை என்பதைப் பொறுத்தது. அதனால்தான் சாசனத்தின் நகல் வேண்டும் என்று விடாமல் கேட்கிறோம்.

கோயிலோடோ பூசையோடோ கட்டளையோடோ சேர்ந்தது என்றால், 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய, அறநிலையக் கொடைகள் சட்டம் வரும். அதன் 34-ஆவது பிரிவின்படி, அசையாச் சொத்தை விற்கவோ, பரிவர்த்தனை செய்யவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். அந்த நிறுவனத்துக்கு அது தேவையானது அல்லது நன்மையானது என்று அவர் முடிவுக்கு வர வேண்டும். அனுமதிக்கு முன்னால் விவரத்தை வெளியிட்டு ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும், வந்தவற்றைப் பரிசீலிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதினால் அந்தப் பத்திரம் செல்லாது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவின்படி, அப்படிப்பட்ட பத்திரத்தைச் சார்பதிவாளரே பதிய மறுக்க வேண்டும்.

சமயத் தொடர்பில்லாத பொது அறம் என்றால் வேறு வழி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு. அறத்தில் அக்கறை உள்ள இரண்டு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள், நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடரலாம். கணக்குக் கேட்கலாம், அறங்காவலரை மாற்றக் கேட்கலாம், நிர்வாகத் திட்டம் ஒன்றை நீதிமன்றமே வகுக்கக் கேட்கலாம். நம் மாவட்டத்துக்கு அது சிவகங்கை மாவட்ட நீதிமன்றம். “அக்கறை உள்ளவர்” என்றால் வெறும் பக்கத்து வீட்டுக்காரர் போதாது. தர்மத்தின் பயனாளி, எழுதி வைத்தவரின் வழி வந்தவர் போன்றவர்கள் முன்னால் நிற்க வேண்டும்.

இங்கே ஒரு வேண்டுகோள். எழுதி வைத்தவரின் பங்காளிகள் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது தெரிந்தவர்கள் தயவுசெய்து இந்தச் செய்தியைச் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்து போகிறவர்களுக்கு இங்கே நடப்பது தெரியாது. அவர்கள் ஒரு கடிதம் எழுதினால் அதற்கு எங்கள் நூறு கையெழுத்துக்குச் சமமான எடை உண்டு.

எங்க தெருவுல லாரியே திரும்பாது. எட்டு மாடிக்கு எப்படி அனுமதி கிடைக்கும்?

நியாயமான கேள்வி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன. அதன்படி 18.30 மீட்டருக்கு, அதாவது சுமார் அறுபது அடிக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். கிட்டத்தட்ட நாற்பது அடி. எங்கள் தெருவை நாங்களே டேப் பிடித்து அளந்தோம். சத்திரத்துக்கு எதிரே 24 அடி. திண்ணை, படி, கழிவுநீர்க் கால்வாய் எல்லாவற்றையும் சேர்த்தாலும் முப்பதைத் தொடவில்லை.

பின்பக்கம் இருக்கிற இரண்டு கடைகளை வாங்கிப் பெரிய ரோட்டுக்கு வழி திறந்துவிடலாம் என்று கட்டுமானக்காரர் தரப்பில் பேச்சு. அப்படித் திறக்கும் வழிப்பாதையும் விதிப்படி உள்ள அகலத்தில் இருக்க வேண்டும். பத்தடிச் சந்தைத் திறந்துவிட்டு ரோட்டை ஒட்டிய மனை என்று காட்ட முடியாது. தவிர, உயர்மாடிக் கட்டடம் என்றால் நான்கு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் காலியிடம் விட வேண்டும், தீயணைப்பு வண்டி சுற்றி வர வேண்டும், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். கையில் கிடைத்த வரைபடத்தில் வடக்குச் சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே அந்த இடைவெளி தெரியவில்லை.

தரைப்பரப்புக் குறியீடு என்ற ஒன்றும் உண்டு. எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு 2. அகலச் சாலையில் உள்ள உயர்மாடிக்கு 3.25 வரை. நம் 50 சென்டில் 2 மடங்கு என்றாலே 43,560 சதுர அடி கட்டலாம். அறுபது அடி உயரத்தைத் தாண்டாமலே இவ்வளவு வரும். பிறகு எட்டு மாடி எதற்கு என்று அறங்காவலர்களிடம் கேட்டோம். இதுவரை பதில் இல்லை.

மாநகராட்சி ஆயிடுச்சே, இனி மாடி வரத்தானே செய்யும்?

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. ஊர் வளரத்தான் வேண்டும். 2011 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை 1,06,714. பிள்ளைகளுக்கு வீடு வேண்டும், அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகை வீடு வேண்டும். ஆனால் மாநகராட்சி என்ற பெயர் தெருவை அகலமாக்காது. கட்டட விதி பெயர்ப்பலகையைப் பார்க்காது, சாலையைத்தான் பார்க்கும்.

தண்ணீர், சாக்கடை?

சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் இது. காரைக்குடித் தண்ணீரின் ருசியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசினால் நமக்கெல்லாம் ஒரு பெருமை. செம்புராங்கல் பூமி, மழை விழுந்தால் இறங்கும். பழைய வீடுகளில் ஓட்டுக்கூரைத் தண்ணீர் வளவு என்கிற நடுமுற்றத்துக்குள் விழுந்து, கல் பாவிய வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து, அங்கிருந்து ஊருணிக்குப் போகும். கட்டினவர்கள் வீட்டுக்கு மனையடி போடும்போதே மழைக்கும் வழி போட்டார்கள்.

சத்திரத்து இடம் எங்கள் தெருவின் தாழ்ந்த பக்கம். ஐப்பசி மழையில் மேல்தெருத் தண்ணீர் அந்தக் காலியிடத்தில் தங்கி இறங்குகிறது. கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் அதுதான் என்று தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே வண்டி நிறுத்த சிமென்ட் தளம் போட்டால் தண்ணீர் லைன் வீட்டுப் பக்கம் திரும்பும். நாற்பது குடும்பத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்டால் நம் கிணறுகள் என்னாகும் என்று கட்டுமானக்காரரின் பொறியாளரிடம் கேட்டோம். “மழைநீர் சேகரிப்பு வைக்கிறோம்” என்றார். அது 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். எங்களுக்குச் செய்கிற உதவி ஆகாது.

எங்க வீட்டு வளவுக்கு வெளிச்சம் வராதுங்கிறாங்க, உண்மையா?

உண்மை. செட்டிநாட்டு வீட்டின் உயிரே நடுவிலிருக்கும் வளவுதான். நாலு பக்கமும் பத்தி, நடுவில் வானம். வெளிச்சம், காற்று, மழை எல்லாம் அதன் வழியாகத்தான். ஒட்டி ஒட்டி நீளமாகக் கட்டிய வீடுகளில் பக்கச் சுவரில் ஜன்னல் குறைவு. தெற்கே தொண்ணூறு அடிக்கு ஒரு கட்டடம் எழும்பினால், சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிற மார்கழி தையில் வடக்கு வரிசை வீடுகளின் வளவில் வெயில் விழுவதே அரிதாகிவிடும். வடகம் காய்வது, வத்தல் காய்வது, வயதானவர்கள் காலை வெயிலில் உட்காருவது எல்லாம் அந்த வெயிலில்தான்.

என் அப்பத்தா ஒன்று சொன்னார், அதை வரைபடம் போட்டவர் யோசித்திருக்க மாட்டார். “இத்தனை வருசமா வளவுல நாங்க தலை காயவச்சோம், பிள்ளைக்குப் பால் கொடுத்தோம். மேல இருந்து பார்க்க ஒரு காக்காயும் பல்லியும்தான் இருந்துச்சு. இனிமே எட்டு மாடி பால்கனியும் பார்க்குமா?” கதவைச் சாத்தினால் அந்தரங்கம் கிடைக்கிற வீடு அல்ல இது. கூரையே திறந்திருக்கிறது.

லைன் வீட்டுக்காரங்க நிலைமை?

எல்லாரையும்விட இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சமையல்காரர், தையல்காரர், பூக்கட்டுகிறவர், ஆத்தங்குடிக்குக் கல் பதிக்கும் வேலைக்குப் போகிறவர் என்று பதினோரு குடும்பங்கள். பலரிடம் எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. வாடகைச் சீட்டும் சில வருடங்களாகத் தருவதில்லை.

அவர்களுக்கு நாங்கள் சொல்வது: வாடகையை நிறுத்தாதீர்கள். வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மின் கட்டண அட்டை, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று என அந்த முகவரி உள்ள எதையும் பத்திரமாக வையுங்கள். வெற்றுத்தாளிலோ படிக்காத முத்திரைத்தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். “சும்மா ஒரு சம்மதம்தான்மா” என்று கேட்டு வந்த ஆளை இரண்டு வீடுகளில் உட்கார வைத்துக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவே சரி. கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் சாமானைத் தூக்கி வெளியே வைக்க முடியாது.

மூன்று குடும்பங்களின் நிலை வேறு. அவர்கள் தரை வாடகை கொடுத்து, வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டவர்கள். அப்படிப்பட்டவர்களுக்காக 1921-லேயே நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கட்டடத்துக்கு இழப்பீடு, சில நிலைகளில் நிலத்தையே வாங்கக் கேட்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. ஆனால் 1996-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு சமய நிறுவனம், சமய அறம் இவற்றின் நிலத்துக்கு அது பொருந்தாது. ஆக, சாசனத்தில் இருக்கும் ஒரு சொல் அவர்கள் தலையெழுத்தை மாற்றும். நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். தள்ளிப்போட்டால் கேட்கும் உரிமையே போய்விடும்.

புதிதாக எது கட்டினாலும் பதினோரு குடும்பத்துக்கும் அதே இடத்தில் வாடகைக்குத் திரும்பி வரும் உரிமையை எழுத்தில் கொடுக்க வேண்டும். கட்டும் காலத்துக்கு மாற்று வீட்டு வாடகையையும் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஏழைகளுக்காக எழுதிய இடத்திலிருந்து ஏழைகளை வெளியேற்றிவிட்டு அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது தர்மம் ஆகாது.

வருமானத்துக்கு வேற வழி இருந்தா சொல்லுங்க, சும்மா குறை சொல்லாதீங்க.

சொல்கிறோம். காசியில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், சத்திரம் 1863-லிருந்து நடக்கிறது. நாள் தவறாமல் விசுவநாதருக்கு அங்கிருந்துதான் பூசைப் பொருள் போகிறது. அதற்குச் சிக்ரா பகுதியில் இருந்த நந்தவன நிலம் ஆக்கிரமிப்பில் போய், நீண்ட போராட்டத்துக்குப் பின் மீண்டது. மீண்ட நிலத்தில் பத்து மாடி, 140 அறைகளுடன் இரண்டாவது சத்திரத்தைச் சுமார் 60 கோடி ரூபாயில் கட்டி, 2025 அக்டோபர் 31-ல் திறந்தார்கள். பத்து மாடிதான். யாத்ரீகர் தங்கும் அறைகள். நிலத்தைப் பாகம் போட்டு விற்க ஒரு ஃபிளாட்டும் இல்லை. உயரத்தைப் பார்த்து மட்டும் நாங்கள் பயப்படவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? நம் இடத்தை எழுதி வைத்தவரின் அதே சமூகம், அதே தர்மம். அங்கே செய்ய முடிந்ததை இங்கே சின்ன அளவில் செய்ய முடியும்.

எங்கள் யோசனை இது. சத்திரத்தின் முகப்பையும் முதல் கட்டையும் பழுதுபார்த்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத் தங்கும் அறைகளாக வாடகைக்கு விடலாம். கானாடுகாத்தானிலும் மற்ற ஊர்களிலும் பெரிய வீடுகள் இப்படித்தான் பிழைத்திருக்கின்றன. “வழிப்போக்கருக்குத் தங்கல்” என்ற சாசன வாசகத்துக்கும் இது பொருந்தும். அன்னதானக் கூடத்தைச் சிறிய விசேஷங்களுக்கு விடலாம். லைன் வீடுகள் நிற்கும் பகுதியில் இரண்டு மாடி, அதிகபட்சம் மூன்று மாடி கட்டி, கீழ்த்தளத்தைப் பழைய குடிகளுக்கும் மேல்தளங்களை மாணவிகள் விடுதிக்கும் கொடுக்கலாம். பணம் இல்லை என்றால் கட்டுகிறவருக்கு நிலத்தை எழுதாமல், முறையான அனுமதியோடு குறிப்பிட்ட வருடக் குத்தகைக்கு விடலாம். காலம் முடிந்ததும் கட்டடம் அறக்கட்டளைக்கே வர வேண்டும். 99 வருடம் என்று கேட்பார்கள், கொடுக்கக் கூடாது. அது பெயர் மாற்றிய கிரயம். முப்பதுக்குள் முடிய வேண்டும்.

இதில் வருமானம் மெதுவாக வரும், ஒத்துக்கொள்கிறோம். கூட்டு ஒப்பந்தத்தில் ஒரே மூச்சில் பெரிய தொகை கண்ணில் தெரியும். ஆனால் தர்மத்துக்கு ஒரே மூச்சு எதற்கு? அதற்குத் தேவை வருடா வருடம் ஃபீஸ் கட்டப் பணம்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறப்பு விழா. கொடுத்த காரியத்துக்கே அந்த மண் இன்றும் பயன்படுகிறது. நம் 50 சென்ட் சின்ன இடம்தான், வாக்கு ஒன்றுதான்.

பழைய சத்திரத்தை இடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? யுனெஸ்கோன்னு சொல்றாங்களே?

செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. உத்தேசப் பட்டியல் என்பது மத்திய அரசு பிற்காலத்தில் பரிந்துரைக்க வைத்திருக்கும் பட்டியல். அது ஒரு சத்திரத்தை இடிப்பதிலிருந்து காப்பாற்றாது. தமிழ்நாட்டுக்கு 2012-லேயே மரபுடைமை ஆணையச் சட்டம் உண்டு. அதன்படி பட்டியலில் சேர்க்கக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம்.

இடித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் ஒரு நடை நடந்தால் போதும். தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் சட்டி, ரவிவர்மா படம் எல்லாம் எந்தெந்த வீட்டிலிருந்து வந்தவை என்று அங்கிருக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். சத்திரத்தில் இருபத்திரண்டு தேக்குத் தூண்கள் இருக்கின்றன. எண்ணிப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு இன்னும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கூட்டு ஒப்பந்த வரைவில் “இடிபாட்டுப் பொருட்கள் கட்டுகிறவருக்கு” என்று ஒரு வரி இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அந்த ஒரு வரிக்குள் பர்மாத் தேக்கு முழுவதும் போய்விடும்.

நான் அங்க ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்துட்டேன். என்ன செய்ய?

திருப்பிக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது எட்டுக்கு மேற்பட்ட ஃபிளாட் என்றால், ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு இல்லாமல் விளம்பரம் செய்வதோ முன்பதிவு வாங்குவதோ 2016 சட்டப்படி குற்றம். பதிவு எண் கேளுங்கள், தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பதிவு செய்த பிறகும், விற்பனை ஒப்பந்தம் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அறக்கட்டளை நிலத்தில் அனுமதி சரியில்லை என்று நாளை கிரயம் ரத்தானால், வங்கிக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நிற்பது நீங்கள்தான். வாங்குகிறவர்களும் எங்களுக்கு எதிரிகள் அல்ல. அதனால்தான் இதைத் தனிக் கேள்வியாக எழுதினோம்.

இது ஒரு சாதிக்காரங்க தர்மம், மத்தவங்க ஏன் தலையிடணும்?

எழுதி வைத்தவர் ஒரு சமூகத்தவர். பயன் பெறுகிறவர்களை அவர் அப்படிப் பிரித்து எழுதவில்லை. சத்திரத்துக் கிணற்றில் தண்ணீர் எடுக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை.

எந்தெந்தக் காகிதத்தை எங்க வாங்கணும்?

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். நகர நில அளவைப் பதிவேட்டில் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். அறக்கட்டளை பேரில் இல்லாமல் தனி ஆள் பேரில் இருந்தால் அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். சாசனம் பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடலாம். திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் மாநகராட்சியிலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தனியார் அறக்கட்டளையிடம் நேரடியாக இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது, அலுவலகங்களிடம்தான் கேட்கலாம்.

ஆட்சேபணை மனுவில் கோபத்தை எழுதாதீர்கள். சர்வே எண், தெரு அகலம், சாசனத்தின் எந்த வாசகம், உங்களுக்கு அதில் என்ன சம்பந்தம், இவ்வளவுதான் எழுத வேண்டும். சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். சார்பதிவாளருக்கும் ஒரு நகல் போகட்டும். பத்திரம் பதிவான பிறகு ஓடுவதைவிடப் பதியும் முன்னால் ஒரு கடிதம் மேல்.

அறங்காவலர்கள்கூடப் பேசிப் பார்த்தீங்களா?

மூன்று முறை. முதல் முறை சரியாகப் போகவில்லை, இரண்டு பக்கமும் குரல் உயர்ந்தது. எங்கள் பக்கத்து இளவட்டங்கள் பேசிய ஒரு வார்த்தைக்காகத் தெருப் பெரியவர் ஒருவர் மறுநாள் போய் வருத்தம் தெரிவித்தார். இரண்டாவது முறை கணக்கைக் காட்டினார்கள். படிப்பு உதவிக்கான பணம் உண்மையிலேயே குறைந்துகொண்டே வருகிறது. மூன்றாவது முறை, மூத்த அறங்காவலரான ஐயா, சாசனத்தின் நகலை எடுத்து வந்து தன் வாயாலேயே முழுவதையும் வாசித்தார். “சந்திராதித்தர் உள்ளவரை” வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குத்தகை யோசனையை எழுத்தில் கொடுங்கள், அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்றார்.

எழுதிக்கொண்டிருக்கிறோம். கட்டுமானச் செலவுக் கணக்குப் போடத் தெரிந்த பொறியாளர், 34-ஆவது பிரிவு வழக்கு நடத்திய வக்கீல், விடுதி நடத்தி அனுபவம் உள்ளவர் யாராவது இதைப் படித்தால், மாலை ஆறு மணிக்குப் பிறகு சத்திரத்துத் திண்ணைக்கு வாருங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருப்போம்.